ரீஃபில் செய்த ஒயிட்போர்டு மார்க்கர்: நெல்லைப் பகுதி ஆசிரியர்களின் கவனத்திற்கு

பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கணிதம் சொல்லிக்கொடுக்கும் சிறிய டியூஷன் மையம் ஒன்றை நடத்திவருகிறேன். கணித வகுப்பில் மார்க்கர் தீரும் வேகமே தனி; ஒரு தொகையீட்டுக் கணக்கைப் படிப்படியாக எழுதி முடிப்பதற்குள் பலகை நிறைந்து, அழித்து, மறுபடியும் நிறைந்துவிடும். இந்தச் செலவைக் குறைத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு கடை எங்களுக்குச் செய்ததை, ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு முன்பாக மற்ற ஆசிரியர்களும் அறிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

டவுன் பகுதியில் உள்ள அந்த ஸ்டேஷனரிக் கடை, தீர்ந்துபோன மார்க்கர்களை வாங்கிச் சென்று, மை நிரப்பி, முனையை மாற்றிப் புது மார்க்கரின் பாதி விலைக்கும் குறைவாகத் தருகிறது. மாதிரிக்குக் கொடுத்தவை நன்றாக எழுதின, நன்றாகவே அழிந்தன. அதைப் பார்த்து மொத்தமாகக் கொடுத்த ஆர்டரில்தான் வேறு மை வந்தது. எழுத்து வழக்கத்தைவிடக் கருப்பாகப் பளிச்சென்று விழுந்தது. மாலை வகுப்பில் எழுதியதை மறுநாள் காலையில் டஸ்டரால் துடைத்தபோது ஒரு கோடுகூட அசையவில்லை.

ஒயிட்போர்டு மையில் ஆல்கஹால் வகைக் கரைப்பான், நிறமி, பிசின் ஆகியவற்றுடன் எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு பொருளும் கலந்திருக்கும். கரைப்பான் ஆவியான பிறகு அந்தப் பொருள்தான் நிறத்தைப் பலகையில் இறுக ஒட்டவிடாமல் தடுத்து, உலர்ந்த துணி பட்டதுமே உதிரச் செய்கிறது. பெர்மனென்ட் மார்க்கர் மையில் அது கிடையாது. பிசின் நேராகப் பரப்பைப் பற்றிக்கொள்ளும். குப்பியில் இருக்கும்போது நிறத்தாலோ வாடையாலோ இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று என்பதே இந்த வியாபாரத்தின் வசதி.

கடையில் போய்க் கேட்டபோது, "போர்டு பழசாயிட்டு சார், அதான் மை பிடிக்கி" என்றார் உரிமையாளர். "அண்ணாச்சி, அதே போர்டில் புது மார்க்கரால் எழுதியது பக்கத்திலேயே சுத்தமாக அழிகிறதே" என்று நான் சொன்னதற்கு விடை வரவில்லை. அதற்குப் பதிலாக, கிளீனர் என்று சொல்லி லேபிள் இல்லாத ஒரு புட்டியை இலவசமாகக் கொடுத்தனுப்பினார். எங்கள் உதவியாளர் அதைத் தொட்டுத் துடைத்த இடத்தில் மை போனது. கூடவே பலகையின் பளபளப்பும் போனது. உள்ளே இருந்தது பெயிண்ட் தின்னர். எங்களுடையது மெலமைன் பூச்சுப் பலகை. அந்தப் பூச்சு ஒருமுறை கெட்டுவிட்டால், அதன்பின் எவ்வளவு நல்ல மார்க்கரால் எழுதினாலும் நிழல் போலக் கறை தங்கிவிடும். மார்க்கரில் மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று.

இதே மை உங்கள் பலகையில் ஏறியிருந்தால் தின்னரையும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். கறையின் மேலேயே நல்ல ஒயிட்போர்டு மார்க்கரால் அழுத்தி எழுதி, ஈரம் காயுமுன் துடைத்தால், புது மையின் கரைப்பான் பழையதை இளக்கிப் பெரும்பகுதியை எடுத்துவிடும். மீதிக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். ரீஃபில் மையை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் ஒரு கண்ணாடித் துண்டிலோ பீங்கான் தட்டிலோ கோடு போட்டு, நன்றாகக் காயவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். வருகிற ஒவ்வொரு கட்டிலும் இதைச் செய்ய வேண்டும். எங்களை ஏமாற்றியது மாதிரிக்குக் கொடுத்த மார்க்கர் அல்ல, அதற்கு அடுத்து வந்த சரக்கு.

உண்மையில் மார்க்கரை நீடிக்க வைக்க இந்தச் சேவைகள் தேவையே இல்லை. பேனாவைப் போல நிமிர்த்திக் குவளையில் வைத்தால் நிறமி முனையைவிட்டுக் கீழே இறங்கிவிடும். படுக்க வைப்பதே சரி. எழுத்து மங்கினால் மூடியை இறுக்கி, முனை கீழே இருக்கும்படி சிறிது நேரம் நிறுத்திவைத்துவிட்டுப் பாருங்கள், பல மார்க்கர்கள் திரும்ப எழுதும். விளக்கம் சொல்லும் நேரமெல்லாம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் நம் ஊர் வெயிலுக்குக் கரைப்பான் பறந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய் வழியே வீசும் காற்று வகுப்பறைக்குள் கொண்டுவந்து கொட்டும் புழுதி பலகையில் படிந்து, எழுதும்போது முனையின் நாருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அந்நாட்களில் எழுதுமுன் பலகையை உலர்ந்த துணியால் துடைப்பது அவசியம். தீர்ந்த மார்க்கரில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றும் வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. அது சில வரிகளுக்கு உயிர் கொடுக்கும். மையை நீர்க்கச் செய்வதால் எழுத்து வெளிறிவிடும்.

பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயரும் முகவரியும், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்சச் சில்லறை விலை ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். அந்தக் கடையின் மைக் குப்பியில் கணினியில் அச்சிட்ட ஒரு ஸ்டிக்கரைத் தவிர வேறொன்றும் இல்லை. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் 'எஸ்டிமேட்' என்று எழுதித் தருகிறார்கள். அதை ஏற்காமல் முறையான ரசீது கேளுங்கள். டியூஷன் நடத்துபவர் வியாபாரி, ஆகையால் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கடையில் வாதிட்டார்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிய பொருளை வணிக நோக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். சீட்டு, குப்பி, மிஞ்சிய மார்க்கர்கள், கறை படிந்த பலகையின் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். அதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்களிடம் உள்ள சீட்டையும் மார்க்கரையும் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி வையுங்கள்.