ஒன்பது மில்லிமீட்டரில் குலசை ரயில்: ஒரு நேரோ கேஜ் தொகுப்பின் மதிப்புரை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில், நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள பலகை ஒன்றின்மேல், கடந்த ஆறு மாதமாக ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கென்று நான் வாங்கியவை மூன்று: இங்கிலாந்திலுள்ள பீக்கோ நிறுவனத்தின் 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளங்கள் (ஓஓ9 என்பார்கள், விளக்கம் கீழே), ஜப்பானிலுள்ள காட்டோ நிறுவனத்தின் நான்கு சக்கர மோட்டார் அடிச்சட்டம், அந்தச் சட்டத்தின்மேல் கவிழ்ப்பதற்காக முப்பரிமாண அச்சுக் கடை ஒன்றில் செய்வித்த எஞ்சின் கூடு. முதலிரண்டையும் எவருக்கும் தயங்காமல் சொல்வேன். மூன்றாவது என்னை மூன்று மாதம் அலைக்கழித்தது. சிறுவயதில் ரயில் பொம்மையோடு விளையாடி, பிறகு படிப்பு, வேலை, குடும்பம் என்று அதை மறந்து, ஐம்பதை நெருங்கும்போது மீண்டும் ஆசை துளிர்ப்பவர்கள் நம் பக்கத்திலும் இருப்பார்கள். எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்பது அவர்களுக்குப் பயன்படலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு ரயில் செட் கொண்டுவந்தார். தண்டவாளங்களுக்கிடையே 16.5 மில்லிமீட்டர் அகலம். மாட்டி முடித்தால் பட்டாசலில் பாதியை அடைத்துக்கொள்ளும். அடுக்களைக்குப் போகிற ஆச்சி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போவார். எனக்கு அதில் ஒரே ஒரு மனக்குறைதான். நெல்லை ஜங்ஷனில் நான் அண்ணாந்து பார்த்த ரயில் வேறு. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் புறப்பட்டுப் போன மீட்டர் கேஜ் வண்டியின் எஞ்சின் கறுப்பாக, எண்ணெயும் கரியும் கலந்த வாடையோடு, பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். என் பொம்மையோ எந்த நாட்டு எஞ்சின் என்றே தெரியாத ஒரு பச்சை வண்டி. ஒருநாள் டிரான்ஸ்பார்மர் கருகிய வாடையோடு நின்றுபோக, எல்லாம் பரணுக்குப் போயிற்று. நெல்லை–தென்காசிப் பாதையும் 2012-இல் அகலப் பாதையாகிவிட்டது.

ஆகவே இந்த முறை நான் முதலில் செய்ய நினைத்தது மீட்டர் கேஜ்தான். உலகில் மிகுதியாகப் புழங்கும் எச்ஓ அளவில், அதாவது அசலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், ஆயிரம் மில்லிமீட்டர் பதினொன்றரை மில்லிமீட்டராகும். அதற்கென்றே 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள். ஆனால் அதில் ஓடக் கிடைப்பவை பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள். சிவப்புப் பெட்டிகளும் பனிமலையும் அழகுதான். அதை வைத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சி ஸ்டேஷனைக் கற்பனை செய்ய என்னால் இயலவில்லை. விலையோ இன்னும் எட்டாத உயரத்தில் இருந்தது.

அப்போதுதான் ஆச்சி சொன்ன ரயில் நினைவுக்கு வந்தது. ஆச்சிக்குப் பிறந்த ஊர் உடன்குடி. அவருடைய சிறுவயதில் குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இருந்தது. சுற்றுவட்டாரத்துக் கருப்பட்டியை வாங்கிச் சீனி எடுத்தார்கள். அந்த ஆலைக்காகத் திருச்செந்தூரிலிருந்து குலசை, உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை, 40 கிலோமீட்டருக்கு மேல், இரண்டே அடி அகலத்தில் ஒரு நேரோ கேஜ், அதாவது குறுகிய, ரயில் பாதை ஓடியது. முதல் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய அது 1940-இல் மூடப்பட்டது. சரக்கோடு ஆட்களையும் ஏற்றிச் சென்ற வண்டி. “இறங்கி ஒண்ணுக்குப் போயிட்டு ஓடிப்போயி ஏறிக்கிடலாம், அவ்வளவு மெதுவாட்டு போவும்” என்று ஆச்சி சொல்லிச் சிரிப்பார். அந்த ஊர்களில் பல இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. மாவட்டம் 1986-இல் பிரிந்தது. ஆச்சியைப் பொறுத்தவரை கடைசி வரை எல்லாம் திருநெல்வேலிதான். மெதுவாக ஓடும், சின்ன எஞ்சின், இரண்டு மூன்று பெட்டி, சட்டென்று வளையும் பாதை: நான்கடிப் பலகையில் பொருந்துவதற்கென்றே அமைந்தது போன்ற ரயில் அது.

இனி அளவைப் பற்றி. ஓஓ என்பது பிரிட்டனில் பரவிய அளவு; அசலின் ஓர் அடிக்கு மாதிரியில் 4 மில்லிமீட்டர், ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு. அந்த அளவில் எஞ்சினையும் பெட்டிகளையும் செய்து, மிகச் சிறிய ரயில்களுக்கான 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடவிட்டால் அது ஓஓ9. கணக்குப்படி 9 மில்லிமீட்டர் என்பது இரண்டடி மூன்றங்குலப் பாதையைக் குறிக்கும். வேல்ஸ் நாட்டில் 1951-இலேயே தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கிய டாலிலின் ரயிலின் அகலம் அதுவேதான். குலசையின் இரண்டடிப் பாதைக்கு 8 மில்லிமீட்டர் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடுதல் என்பதை ஆறு மாதத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, என் மகளைத் தவிர. அவளிடம் நானாகவே சொல்லிவிட்டேன்.

தண்டவாளத்தை இவ்வளவு புகழ்வானேன் என்று தோன்றலாம். அகலம் அதே 9 மில்லிமீட்டர்தானே, சாதாரண ‘என்’ (N) கேஜ் தண்டவாளத்தை வாங்கினால் பணம் மிச்சமாகுமே என்று நானும் முதலில் நினைத்து, இரண்டு துண்டுகள் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ‘என்’ கேஜில் தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகள் ஏறத்தாழ 150-இல் ஒரு பங்கு அளவுக்குச் செய்யப்பட்டவை, மெல்லியவை, நெருக்கமானவை. அவற்றின்மேல் ஓஓ எஞ்சினை வைத்தால், பெரிய ஆள் ஒருவர் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்தது போலிருக்கும். பீக்கோவின் ஓஓ9 தண்டவாளத்தில் கட்டைகள் தடிமனாகவும், இடைவெளி விட்டும், சற்றே ஒழுங்கு தவறியும் பதிந்திருக்கின்றன. ஆலை முதலாளி செலவைக் குறைத்துப் போட்ட பாதை என்பதைப் பார்த்தவுடனே கண் ஏற்றுக்கொள்கிறது. மண்ணைப் பரப்பிய பிறகு கட்டைகளின் முனைகள் மட்டும் வெளியே தெரியும்படி விட்டேன். அதற்குமேல் அலங்காரம் தேவைப்படவில்லை. ரயில் என்ற எண்ணத்தையே தருவது எஞ்சினைவிடப் பாதைதான் என்பது எனக்கு இந்தத் துண்டுகளால் விளங்கியது. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை இதில் போடுங்கள்.

தொடக்கத் தொகுப்பின் வளைவுகளுக்கு ஆரம் 228 மில்லிமீட்டர், அதாவது ஒன்பது அங்குலம். முழுவட்டம் போட்டாலும் ஏறத்தாழ ஒன்றரை அடியில் அடங்கிவிடும் என்பதால் இரண்டடி அகலப் பலகையில் இரு பக்கமும் விளிம்பு மிஞ்சுகிறது. தச்சரிடம் பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில், கீழே குறுக்குச் சட்டங்களோடு செய்யச் சொன்னேன். “இதுல என்ன சார் வைக்கப்போறிய?” என்று கேட்டார், ரயில் என்றதும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மாடியறையில் சித்திரை வெயில் இறங்கும்போது உலோகம் நீளும். இணைப்புகளை நெருக்கி முட்டவிட்டால் தண்டவாளம் நெளிந்துகொள்ளும் என்பதால், ஒவ்வோர் இணைப்பிலும் விசிட்டிங் கார்டின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறேன். தூசியைப் பொறுத்தவரை, வாரத்துக்கு ஒருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும். ஆனி, ஆடிக் காற்றில் வாரம் இருமுறை.

பாயிண்ட், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் துண்டு, வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் மூக்குப் பகுதி சில வகைகளில் பிளாஸ்டிக்காகவும், சில வகைகளில் மின்சாரம் பாயும் உலோகமாகவும் இருக்கும். எட்டுச் சக்கர டீசல் எஞ்சினுக்கு எதுவானாலும் பெரிய வேறுபாடு இல்லை. நான்கே சக்கரம் உள்ள குட்டி எஞ்சின், அதுவும் நத்தை வேகத்தில் போவது, பிளாஸ்டிக் மூக்கின்மேல் ஏறியதும் மின்சாரம் அற்று நின்றுவிடும். விரலால் தள்ள வேண்டியதுதான். விரலால் தள்ளும் ரயிலுக்கு இவ்வளவு செலவு எதற்கு? வயரிங்கில் ஓர் இணைப்பு கூடினாலும் உலோக மூக்குள்ளதையே வாங்குங்கள்.

காட்டோவின் அடிச்சட்டம் உள்ளங்கையில் பாதி இடத்தில் அடங்கும் பொருள். பாக்கெட் லைன் என்ற பெயரில் அவர்கள் செய்யும் சிறு டிராம்களுக்கும் எஞ்சின்களுக்கும் உரியது. உலகெங்கும் ஓஓ9 செய்பவர்கள் அதைத் தனியாக வாங்கி, தாங்கள் விரும்பும் கூட்டை மேலே கவிழ்த்துக்கொள்கிறார்கள். 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. மிகக் கூர்மையான வளைவுகளுக்கென்று வடிவமைத்ததால் 228 மில்லிமீட்டர் ஆரத்தில் அது தயங்குவதே இல்லை. எனக்கு முக்கியமானது வேகக் குறைவு. ஆச்சி இறங்கி ஏறும் அளவுக்கு வேகத்தைக் குறைத்து ஓட்ட முடிகிறது. எடை போதாத சட்டம் என்பதால் கூட்டுக்குள்ளே எடை வைத்தால் சக்கரங்கள் தண்டவாளத்தை இன்னும் அழுத்திப் பிடிக்கும். தூண்டிலுக்கு விற்கும் ஈயக்குண்டுகளைத் தட்டையாக்கி ஒட்டினேன். பரணில் கிடந்த பழைய டிரான்ஸ்பார்மரைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நாற்பது வருடம் வெக்கையில் கிடந்து காப்புறை உதிர்ந்துபோன வயரை நம்பி 230 வோல்ட்டில் செருகுவதற்கு நான் உடன்படவில்லை. புதிய கண்ட்ரோலர் வாங்கினேன். பெட்டிகளின் கொக்கியும் காட்டோவின் கொக்கியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத வகைகள் என்பதால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் செம்புக் கம்பியில் வளையமும் கொக்கியும் நானே வளைத்துக்கொண்டேன். அரைநாள் வேலை.

இப்போது அந்தக் கூடு. பழைய சிறு நீராவி எஞ்சின் ஒன்றின் வடிவத்தைக் கணினியில் வரைந்து, அச்சிட்டுத் தரும்படி ஒரு கடைக்கு அனுப்பினேன். ஒளி பட்டு இறுகும் திரவமான ரெசினில் அச்சிடுங்கள் என்று எழுதியிருந்தேன். அவர்கள் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டு அனுப்பிவிட்டார்கள். இழையை உருக்கி அடுக்கடுக்காகப் போடும் முறையில், கை அளவு பொருளுக்குத் தெரியாத கோடுகள் கட்டைவிரல் அளவு எஞ்சினில் தெள்ளத்தெளிவாகத் தெரியும். பெயின்ட் அடித்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். சரி, தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று வாங்கி, காரின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு வண்ணார்பேட்டையில் ஒரு வேலையாக இரண்டு மணி நேரம் போய்விட்டு வந்தேன். வைகாசி மாதம். பிஎல்ஏ 60 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும் பொருள். கண்ணாடி மூடிய காருக்குள் டாஷ்போர்டில் வெயில் என்ன செய்யும் என்பதை யோசிக்காதது என் தவறு. புகைபோக்கி அல்வாவைப் போலச் சாய்ந்துகிடந்தது. சாய்ந்ததற்குக் கடையைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டதை விட்டு வேறு பொருளில் செய்ததற்கும், மறுபடி செய்து தர முழுப்பணமும் கேட்டதற்கும் நிச்சயமாகச் சொல்வேன். இறுதியில் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி, பேனா மூடியைப் புகைபோக்கியாக்கி நானே ஒரு கூடு செய்தேன். நேர்த்தியில் அது குறைதான் என்றாலும் பலகையில் இப்போது ஓடுவது அதுதான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் கூட்டைக் கையால் செய்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு அச்சுக் கடையிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும்.

பார்சல் வெளிநாட்டிலிருந்து வர ஐந்து வாரம் ஆனது. சுங்க வரியும் கட்டினேன். எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல கியர் சைக்கிளின் விலை.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. தேரியில், அதாவது செம்மணல் மேட்டு நிலத்தில், ஓடிய ரயிலுக்குத் தேரி மண்ணையே போட வேண்டும் என்று, உடன்குடிப் பக்கம் போனபோது ஒரு தூக்குச் சட்டி நிறையச் செம்மண் அள்ளிவந்து சலித்துப் பரப்பினேன். அந்தச் சிவப்பை எந்த பெயின்டாலும் கொண்டுவர முடியாது. பசை ஊற்றும் முன்பு எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காந்தத்தை மேலே கொண்டுபோனதில், கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி அதில் ஒட்டிக்கொண்டன. இரும்புத்தாதுக்கள் கலந்த மணல் அது. மோட்டாரிலும் காந்தம் இருக்கிறது. அந்தத் துகள்கள் உள்ளே இழுபட்டால் சட்டத்தின் கதை முடிந்தது. காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி ஏழெட்டு முறை மண்ணில் அளைந்து, கறுப்பெல்லாம் எடுத்த பிறகே பரப்பி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் இறுக்கினேன்.

பனைகளுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. அறுபதடிப் பனை ஒன்று இந்த அளவில் 240 மில்லிமீட்டர் உயரம் வரும்; எஞ்சினைவிடப் பல மடங்கு உயரமாக, பலகை முழுவதும் பனங்காடாக நிற்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் மரங்களெல்லாம் தென்னை மாதிரி வளைந்தவை. தும்பையும் ஓலைக் கிழிசலையும் வைத்து நான்கு செய்து பார்த்தேன், இரண்டு தேறின. ஒன்று, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குப் பக்கத்தில் நிற்கிறது. மற்றொன்றின் கீழே ஒரு ஸ்டேஷன் வர வேண்டும். அதற்கான இரண்டாவது பாயிண்டுக்கு, உலோக மூக்குள்ளதாகவே பார்த்து, நேற்றுப் பணம் கட்டியிருக்கிறேன்.