ஆடாசிட்டி: மாமாவின் கேசட்டுகளுக்குப் போதுமா?

பழைய கேசட்டைக் கணினியில் ஏற்ற எந்த மென்பொருள் என்று யாரைக் கேட்டாலும் ஆடாசிட்டி என்றுதான் சொல்வார்கள். 2000-ல் வெளிவந்தது, இன்றும் இலவசம். கூடவே, "இரைச்சலை அப்படியே துடைத்துவிடும்" என்றும் சொல்வார்கள். அங்கேதான் எனக்கு ஒத்துப்போகவில்லை.

என் தாய்மாமா சென்னை வானொலி நிலையத்தின் டேப் லைப்ரரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அக்கா பிள்ளைகள் நாங்கள்தான் அவருக்கு எல்லாம். போன வருடம் தவறிவிட்டார். அவருடைய கேசட் பெட்டிகள் என்னிடம் வந்தன. பெரும்பாலும் டிடிகே கம்பெனியின் 60 நிமிடக் கேசட். 120 நிமிடக் கேசட்டை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். அதில் நாடா மெல்லிசு, சிக்கிக்கொள்ளும். பதிவு முடிந்த கையோடு மேல்விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுவார், யாரும் மேலே பதிந்துவிடக் கூடாது என்று. உள்அட்டையில் பொடி எழுத்தில் தேதி, இடம், ஆள், நேரம், முதல் வரி, கடைசி வரி. குடும்பக் கேசட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று கேலி செய்தால், "பேரில்லாத டேப்பை நாளைக்கு யாரும்மா தேடுவா?" என்பார்.

என் காதுகுத்து கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மாமாவின் குரல், செய்தி வாசிக்கிற தோரணையில்: "இடம், அக்கா வீட்டுக் கூடம். நிகழ்ச்சி, காதணி விழா. கத்தப் போவது என் மருமகள்." சொல்லிவிட்டு வந்து என்னை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் என் அலறல், ஆசாரியின் சமாதானம், பாட்டியின் தாலாட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் மின்விசிறி. ஆடாசிட்டியில் விசிறி மட்டும் கேட்கிற சில நொடிகளை மாதிரியாகக் கொடுத்தால் கேசட் முழுக்க அந்த ஓசையைக் குறைத்துவிடும். குறைந்தது, சரி. ஆனால் பாட்டி குடத்துக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிட்டார். கொலுசுச் சத்தமும் பாதி போயிற்று. அதனால் முதலில் கை வைக்காத பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி பிடிக்கும். சுத்தம் செய்வதெல்லாம் நகலில்தான்.

நான் இந்த மென்பொருளைப் பாராட்டுவது லேபிள் வசதிக்காக. கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோலும் எம்-மும் அழுத்தினால் அந்த இடத்தில் ஒரு அடையாளம் விழும்; தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். மாமாவின் அட்டையில் இருப்பதை அப்படியே போட்டேன். லேபிள்களை மட்டும் நொடிக் கணக்கோடு தனி எழுத்துக் கோப்பாகவும் எடுக்கலாம். ஒலியோடு அதையும் வீட்டாருக்கு அனுப்பினதும் ஆளாளுக்குத் தங்கள் பகுதியைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். தம்பி மழலையில் திருக்குறள் ஒப்பிக்கிறான், மாமா பின்னாலிருந்து சீர் எடுத்துக்கொடுக்கிறார்.

குறைகளும் உண்டு. திரை முழுக்கப் பொத்தான், புதிதாக வருபவருக்குத் தலை சுற்றும். பேட்டரி தீரும் நேரத்தில் பதிந்த கேசட் இன்றைக்குக் கீச்சுக்குரலில் ஓடும். வேகத்தை மாற்றிச் சரிசெய்யலாம், ஆனால் பேட்டரி போகப் போக இறங்கியிருப்பதால் ஒரே எண் கடைசிவரை ஒத்துவராது, இடத்துக்கு இடம் மாற்றித்தான் திருத்த வேண்டும். பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட் சாய்ந்திருந்து ஒலி மங்கினால் மென்பொருளால் ஒன்றும் ஆகாது. பதிவுக்கு முன்பே ஹெட் பக்கத்துத் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருப்பி, ஒலி தெளிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். மாமா இதைப் பேசிக்கொண்டே செய்வார். 2021-ல் ஆடாசிட்டி ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனபோது தனியுரிமை பற்றி ஒரு சலசலப்பு எழுந்தது. எனக்கு அதில் பெரிய கவலையில்லை. அதே வருடம் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து ப்ராஜெக்ட், அதாவது பதிவும் லேபிளும் நாம் செய்த திருத்தமும், முழுவதும் ஒரே கோப்பில் அடங்குவது நிம்மதி. முன்பு தரவுக் கோப்புறை தனியாக இருக்கும், அதை நகலெடுக்க மறந்தால் போச்சு.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

பெட்டியில், கேசட்டுக்குள் அடைக்காமல் சக்கரத்தில் சுற்றிய கால் அங்குல ஸ்பூல் நாடாவும் கொஞ்சம் மிச்சம். ஓட விடும் மெஷின் வைத்திருப்பவர் யாராவது சென்னையில் இருந்தால் சொல்லுங்கள். நொடிக்கு 7½ அங்குல வேகம் என்று மாமா அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறார்.