டிராயிங் பீரியடா, பாடத்துக்குள்ளேயே கலையா? சென்னைப் பள்ளிகளில் எது எடுபடும்?

ஜூன் மாதம் டைம்டேபிள் போடும்போது எல்லாப் பள்ளிகளிலும் இந்தக் கேள்வி வரும். வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியட் ஓவியத்துக்கும் பாட்டுக்கும் தனியாகக் கொடுப்பதா? கணக்கு, அறிவியல் பாடங்களுக்குள்ளேயே கலையைக் கொண்டுவருவதா? ஆண்டுவிழாவும் கலைப்போட்டியும் போதும் என்று விடுவதா? இல்லை, வெளியிலிருந்து ஒரு கலைஞரை அழைத்து வருவதா? நான்கும் சென்னையில் நடக்கின்றன. கணக்கு ஆசிரியையாக நான்கையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தனி பீரியடை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதை வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு மூன்று நான்கு பாடங்களை மட்டும் கலை ஆசிரியரோடு சேர்ந்து எடுங்கள். ஏன் என்று பார்ப்போம்.

தனி பீரியட்

இதன் பெரிய பலம், அந்த நேரத்தில் கலை வேறு எதற்கும் வேலைக்காரனாக இல்லை. பிள்ளை கோடு போடக் கற்றுக்கொள்கிறது, சுருதி சேர்க்கக் கற்றுக்கொள்கிறது. சொல்லித் தருபவர் அதைப் படித்தவர். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்ரா திருவான்மியூரில் இருக்கிறது. கலை படித்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போர்ஷன் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது டிராயிங் பீரியட். டிசம்பர் தாண்டினால் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்வார், அறிவியல் சார் வாங்கிக்கொள்வார். அரசுப் பள்ளிகளில் கதை இன்னும் மோசம். 2012-இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. சம்பளம் கொஞ்சம் ஏறியதே தவிர, பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் எத்தனை தடவை போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்! வாரத்தில் மூன்று அரை நாள் வந்துபோகும் ஒருவரை நம்பித்தான் ஒரு பள்ளியின் கலைக் கல்வியே ஓடுகிறது. இது நியாயமே இல்லை.

பாடத்துக்குள் கலை

காகிதத்தில் பார்த்தால் இதுதான் அழகு. சி.பி.எஸ்.இ. 2019-இல் கலைக் கல்விக்கு வாரம் குறைந்தது 2 பீரியட் வேண்டும் என்றும், பாடங்களையும் கலை வழியாக நடத்த வேண்டும் என்றும் சுற்றறிக்கை விட்டது. அடுத்த வருஷம் 1 முதல் 10 வரையான வகுப்புகளுக்குக் கலை இணைந்த செயல்திட்டத்தைக் கட்டாயமாக்கியது. மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஜோடி சேர்த்துவிட்ட இன்னொரு மாநிலத்தின் கலையையும் அதில் தொட வேண்டும். தமிழ்நாட்டுக்கு அப்போது ஜோடி ஜம்மு காஷ்மீர். பாடங்களோடு கலையைச் சேர்க்க வேண்டும் என்றுதான் 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? இரவு ஒன்பதரைக்கு அம்மாவோ அப்பாவோ ஸ்டேஷனரி கடையில் சார்ட் பேப்பரும் தெர்மோகோலும் தேடுகிறார்கள். ஜெராக்ஸ் கடையில் காஷ்மீர் சால்வையின் படம் கலரில் பிரிண்ட் ஆகிறது. மறுநாள் அது சுவரில் ஏறுகிறது. அந்தப் பிள்ளை பூ வேலைப்பாடு எப்படி வளைந்து போகிறது என்று ஒரு தடவைகூடக் கையால் போட்டுப் பார்த்திருக்காது. கலையும் கற்கவில்லை, பாடமும் கற்கவில்லை. இதற்குப் பிள்ளைகளையோ பெற்றோரையோ குறை சொல்ல முடியாது. அந்தத் திட்டத்தைக் கொடுத்த பாட ஆசிரியருக்கே கலை தெரியாது. கலை தெரிந்தவரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் சரியாக நடந்தால் இதற்கு ஈடு கிடையாது. ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு (LCM) நடத்துவதை எடுத்துக்கொள்வோம். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி ‘தகிட, தகிட’ என்று மூன்று எழுத்துச் சொற்கட்டை, அதாவது தாளச் சொல்லைச் சொல்லட்டும். மறு பாதி ‘தகதிமி, தகதிமி’ என்று நான்கு. ஒவ்வொரு சொற்கட்டின் முதல் எழுத்திலும் கை தட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால், 12 எழுத்து முடிந்து அடுத்த எழுத்தில்தான் இரண்டு தட்டும் மறுபடி ஒன்றாக விழும். அந்த இடம் வரும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

சரி, இப்போது ஒரு பக்கம் தகதிமி, மறு பக்கம் ‘தகதிமிதக’ என்று ஆறு. எங்கே சேரும் என்று முன்கூட்டியே கேட்டால் பாதிப் பேர் 24 என்பார்கள், நான்கையும் ஆறையும் பெருக்கி. சொல்லிப் பார்த்தால் 12-லேயே சேர்ந்துவிடும். பெருக்குத் தொகைக்கும் மீச்சிறு பொது மடங்குக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கரும்பலகையில் மல்லுக்கட்டிய விஷயம், அவர்கள் கையிலேயே விழுந்துவிடுகிறது. அப்புறம் ஐந்து எழுத்துக் கண்டத்தை எட்டு எண்ணும் ஆதி தாளத்தோடு விட்டுப் பாருங்கள். எண்ணுக்கு ஓர் எழுத்து என்று போனால் 40 எழுத்தில் சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்கத்துக்கு, வந்து சேரும். மிருதங்க வித்வான்கள் கோர்வை (வாசிப்பை முடிக்கும் கணக்கான சொற்கோவை) வைக்கும்போது மனசுக்குள் ஓடும் கணக்கும் இந்த வகைதான்.

இதில் பாட்டு டீச்சர் ஏன் வேண்டும்? பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்ததும் வேகம் கூடிவிடும். தகிடக் கூட்டம் ஓட ஆரம்பிக்கும், தட்டு இடம் மாறும், 12-இல் சேர வேண்டியது சேராது. எனக்கு அது இரைச்சலாகத்தான் கேட்கும். பாட்டு டீச்சருக்கு யார் ஓடுகிறார்கள், எந்த எழுத்தில் நழுவுகிறது என்பது உடனே தெரியும். காலப்பிரமாணம், அதாவது சீரான வேகம், கெட்டால் கணக்கும் கெடும். இரண்டு பேரும் அந்த வகுப்பில் இருந்தால்தான் அது பாட்டு வகுப்பாகவும் இருக்கும், கணக்கு வகுப்பாகவும் இருக்கும்.

கோலமும் அப்படித்தான். சமச்சீர் என்று சொல்லி ஒரு கோலத்தைச் சார்ட்டில் ஒட்டுவதோடு பெரும்பாலும் முடித்துவிடுகிறோம். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களில் கோலத்தைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். உலகம் படித்த ஆய்வு அது, நம்மூர் வாசலிலிருந்து போனது. ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நான்கில் நிறுத்து (நடுவில் ஏழு, மேலும் கீழும் இடைவெளிகளில் ஆறு, ஐந்து, நான்கு) என்றால் மொத்தம் எத்தனை புள்ளி? 37. சிக்குக் கோலத்தின் கோடு ஒரே இழையாக மூடுகிறதா, இரண்டு மூன்று இழையாகப் பிரிகிறதா? இப்படிக் கேட்டால் ஒரு பீரியட் போதாது.

இன்னொன்று, பறை. எட்டாம் வகுப்பில் ஒலி நடத்தும்போது ஒரு பறையை வகுப்புக்குக் கொண்டுவந்தால், அடிக்கும் முன் ஏன் தீயில் காய்ச்சுகிறார்கள் என்பதிலேயே பாதிப் பாடம் அடங்கிவிடும். சூட்டில் தோலின் ஈரம் போகும், தோல் இறுகும், ஒலியின் சுருதி ஏறும். நவம்பர் மழையில் ஏன் தொய்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் தோலின் இழுவிசையோடு நிறுத்திவிட்டால் அது பறைக்குச் செய்யும் அநீதி. இந்தக் கருவியைச் சாவோடு கட்டிவைத்தது யார், அடித்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியது யார், இன்று அது எப்படி மேடைக்கு வந்தது என்பதைச் சமூக அறிவியல் ஆசிரியர் எடுத்துப் பேச வேண்டும். ஒரு கலை பள்ளிக்குள் வந்தால் அதன் மனிதர்களும் கூட வர வேண்டும்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இந்த வழி ஓரளவு பழகிவிட்டது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் அட்டையும் பாட்டும் படமும் இருந்தன. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பாடல், கதை, பொம்மை எல்லாம் உண்டு. அங்கே ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுப்பதால் சேர்ப்பது சுலபம். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று பிரிந்ததும் அந்தச் சரடு அறுந்துவிடுகிறது.

விழாவும் போட்டியும்

இதை நான் தாழ்வாகப் பேச மாட்டேன். 2022 முதல் அரசு நடத்தும் கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி வந்து கலையரசன், கலையரசி பட்டம் வாங்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் போதும். ஆனால் மேடை ஏறுவது வகுப்பில் நாலைந்து பேர், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள். மீதிப் பேர் கை தட்டுகிறார்கள். கற்பித்தலுக்கு இது மாற்றாகாது.

வெளிக் கலைஞர்

இரண்டு நாள் பட்டறை என்றால் வேண்டாம் என்பேன். போட்டோ எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு நாள் வருவார் என்றால் பேச்சே வேறு. அவர் பிள்ளைகளோடு சேர்த்து ஆசிரியர்களையும் மாற்றிவிடுவார். செலவு அதிகம், தனியார் பள்ளிகளுக்குக் கட்டுபடியாகலாம். முடியாத பள்ளிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு ஒரே சிலையைப் பார்க்கவென்று வகுப்பைக் கூட்டிப் போகலாம். எல்லாக் கூடத்தையும் ஒரே நாளில் ஓட்டமாகச் சுற்றிவிட்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

மதிப்பெண் கூடுமா?

பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி. அமெரிக்காவின் கலைக் கல்வி ஆய்வாளர்கள் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லேண்ட் இருவரும் 2000-ஆம் ஆண்டில் ஐம்பது வருஷ ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். கதையை நடித்துப் பார்க்கும் வகுப்புகள் மொழித்திறனை வளர்க்கின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைத்தது. ஆனால், பொதுவாகக் கலை படித்தால் மற்றப் பாடங்களில் மதிப்பெண் ஏறும் என்பதற்குக் கிடைக்கவில்லை. இதைக் கேட்டு நான் சோர்ந்துபோகவில்லை. மதிப்பெண்ணைக் காட்டிக் கலைக்கு இடம் கேட்டால், மதிப்பெண் ஏறாத வருஷம் அந்த இடம் போய்விடும். பாடுவதும் வரைவதும் பிள்ளைக்கு உரிமை என்று கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தனி பீரியட் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதும் இதனால்தான்.

எங்கே தொடங்குவது என்றால், தமிழில் ஒரு கதைப் பாடத்தை நடித்துப் பார்ப்பது, ஆறாம் வகுப்பில் தாளமும் மடங்கும், எட்டாம் வகுப்பில் பறையும் ஒலியும். முதல் வருஷத்துக்கு இந்த மூன்றே போதும். பாட ஆசிரியரும் கலை ஆசிரியரும் முன்கூட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த நேரத்தைத் தலைமையாசிரியர் ஒதுக்கித் தர வேண்டும். மதிப்பெண் போட்டால் இருவரும் சேர்ந்து போடட்டும். பகுதிநேர ஆசிரியர் உள்ள பள்ளியில், அவர் வரும் அரை நாள் ஒன்றில் அந்த வகுப்பின் கணக்குப் பீரியட் விழும்படி ஜூன் மாதமே டைம்டேபிளில் போட்டுவிடுங்கள்.