98,000 யென்னுக்கு ஒரு போலி கேசட்: பழைய ஜப்பானிய கேம் வாங்குவோர் கவனத்திற்கு

இன்று காலை, பழைய பொருள்களை விற்கும் வாங்கும் அந்த ஜப்பானியச் செயலியின் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து ஐந்தாவது பதில் வந்தது. முந்தைய நான்கிலும் இருந்த அதே வாசகம், ஓர் எழுத்துகூட மாறவில்லை: "பரிவர்த்தனை நிறைவடைந்துவிட்டதால், இரு தரப்பினரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்." நான் இழந்தது 98,000 யென். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய். பழைய ஜப்பானிய வீடியோ கேம்களைச் சேகரிக்கும் தமிழர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருப்பதால், கோபம் ஆறுவதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன். இதில் மாட்டாமல் இருப்பது எப்படி என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பதின்மூன்று ஆண்டுகளாக டோக்கியோவில், நம்மவர்கள் நிறைந்த நிஷிகசாய் பகுதியில் குடியிருக்கிறேன். வந்த புதிதில் சனிக்கிழமை தோறும், மின்னணுப் பொருள் கடைகளுக்குப் பேர்போன அகிஹபாராவின் சந்துக் கடைகளுக்குப் போய்விடுவேன். வாசலில் பிளாஸ்டிக் கூடைகளில், 'ஜங்க்' என்று அட்டையில் எழுதிச் செருகி, ஃபாமிகாம் (நின்டெண்டோவின் பழைய வீட்டு கேம் இயந்திரம்) கேசட்டுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் கடைக்காரரைக் கேட்கக் கூடாது. ஒன்று 100 யென், கொஞ்சம் நல்லதாக இருந்தால் 300. பல கேசட்டுகளின் முதுகில் ஏதோ ஒரு சிறுவன் தன் பெயரை மார்க்கரால் ஹிராகனா எழுத்தில் கோணலாக எழுதியிருப்பான். சிலவற்றில் வகுப்பும் பிரிவும்கூட இருக்கும். நாலைந்து வாங்கிவந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்துப் உலோகப் பற்களைத் துடைத்து, அன்று இரவே போட்டு விளையாடிவிடுவேன். ஜப்பானியரும் அதைக் 'கசெட்டோ' என்றுதான் சொல்கிறார்கள். மதுரையில் நாங்களும் கேசட் என்றுதான் சொன்னோம் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அந்தக் கூடைகள் இப்போது ஏறக்குறைய இல்லை. 2020-இல் வீட்டுக்குள் அடைபட்ட உலகம் தன் சிறுவயது விளையாட்டுகளைத் தேட ஆரம்பித்தது. 2021 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலத்தில், உறை பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அது அமெரிக்கப் பதிப்பு என்றாலும், அந்தச் செய்தியைப் படித்த பிறகு இங்கேயும் பரணில் கிடந்த பெட்டிகளை யாரும் பழைய கண்ணோடு பார்க்கவில்லை. 2022 அக்டோபரில் யென்னின் மதிப்பு சரிந்து டாலருக்கு 150-ஐத் தாண்டியது. வெளிநாட்டுக்காரருக்கு ஜப்பானே தள்ளுபடி விற்பனை போலாகிவிட்டது. 2024-இல் இங்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 3.68 கோடிக்கும் மேல். அவர்களில் ஒரு பகுதியினர் காலிப் பெட்டியோடு அகிஹபாராவுக்கும் நகானோவுக்கும் வந்து, நிரப்பிக்கொண்டு போவதை நான் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் வெளிநாட்டுக்காரன்தான். 'டென்பாய்யா' என்று ஜப்பானியர் எரிச்சலோடு அழைக்கும், வாங்கி உடனே விலையேற்றி விற்கும் கூட்டத்தில் உள்ளூர்க்காரர்களும் ஏராளம்.

விலை ஏறியதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மனம் மாறியதுதான். முன்பு சேகரிப்பாளர் இருவர் சந்தித்தால், எந்தக் கட்டம்வரை போனீர்கள், கடைசி எதிரியை எப்படி வீழ்த்தினீர்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். இப்போது பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா, கையேடு இருக்கிறதா, வெயில் பட்டு முதுகு வெளுத்திருக்கிறதா என்பவைதான் கேள்விகள். வாங்கிய கேசட்டை அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்துத் திரை போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் மாறிப்போனேன் என்பதை ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை, ஏனெனில் நான் ஏமாந்தது அந்த மாற்றத்தால்தான்.

பல ஆண்டுகளாக நான் தேடிக்கொண்டிருந்தது 'கிம்மிக்!'. சன்சாஃப்ட் நிறுவனம் 1992 ஜனவரியில் ஃபாமிகாமுக்கு வெளியிட்டது. அதற்கு ஓராண்டுக்கும் முன்பே அடுத்த தலைமுறை இயந்திரமான சூப்பர் ஃபாமிகாம் வந்துவிட்டதால், பழைய இயந்திரத்துக்கான இந்த அருமையான விளையாட்டை அன்று அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. இன்று அது அரிதாகி, யானை விலை விற்பதற்கு அதுவும் காரணம். இதன் சிறப்பு இசை. மசாஷி காகேயாமா அமைத்த பாடல்களுக்காக, கேசட்டுக்குள்ளேயே சன்சாஃப்ட் 5பி என்னும் தனி ஒலிச் சில்லை வைத்தார்கள். ஃபாமிகாமின் சொந்தக் குரல்களோடு, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் தனித்தனி ஒலித் தடங்களோடு, இந்தச் சில்லு மேலும் மூன்று குரல்களைச் சேர்க்கும். அந்தச் சில்லின் கூடுதல் ஒலியைப் பயன்படுத்திய ஒரே விளையாட்டு இதுதான். இந்த வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனிமனிதர்கள் தங்கள் பழைய பொருள்களை விற்கும் செயலி ஒன்றில் போன மாதம் அது கண்ணில் பட்டது. பெட்டி, கையேடு எல்லாம் சேர்த்து 1,05,000 யென். பத்து படங்கள், எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் அழகாக எடுத்தவை. "பிறந்த வீட்டைச் சுத்தம் செய்தபோது அண்ணனின் அறையில் கிடைத்தது, எனக்கு விளையாட்டுகளைப் பற்றி எதுவும் தெரியாது" என்று விற்பவர் எழுதியிருந்தார். நானூறுக்கும் மேற்பட்ட மதிப்பீடுகள், அத்தனையும் நல்லவை. மிகுந்த மரியாதையோடு விலை குறைக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, "உண்மையான ரசிகர் ஒருவரிடம் சேர்ந்தால் அண்ணனும் மகிழ்வார்" என்று 98,000-க்கு இறங்கினார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

சனிக்கிழமை காலை பொதி வந்தது. குமிழி உறையில் மூன்று சுற்று, அதற்குள் ஒரு கெட்டி அட்டை, அதற்கும் மேல் மடித்த காகிதத்தில் கையால் எழுதிய நன்றிக் குறிப்பு, ஓரத்தில் சின்னதாக ஒரு பூ வரைந்திருந்தது. பெட்டியைத் திறந்து கேசட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முப்பது ஆண்டுப் பொருளில் ஒரு கீறல்கூட இல்லையே என்று சந்தேகப்பட வேண்டியவன், ஒரு கீறல்கூட இல்லையே என்று பூரித்துப்போனேன்.

இந்தச் செயலிகளின் நடைமுறை தெரியாதவர்களுக்காக: நாம் கட்டும் பணம் உடனே விற்பவரிடம் போகாது. பொருள் கைக்கு வந்து, நாம் சரிபார்த்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று மதிப்பீட்டை அழுத்திய பிறகே அது அவரிடம் போகும். வாங்குபவருக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான். பொதி வந்த சிறிது நேரத்தில் விற்பவரிடமிருந்து செய்தி: வீட்டைக் காலி செய்யும் செலவு இருப்பதால், சிரமம் இல்லையென்றால் விரைவில் மதிப்பிட்டால் உதவியாக இருக்கும். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி கேட்டாள்: "என்னங்க, ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு அப்புறம் அழுத்தலாமே?"

"இதெல்லாம் போட்டு விளையாடற சாமான் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். பொதியைப் பிரித்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

பதினோரு நாள் கழித்து, நகானோ பக்கம் குடியிருக்கும், எனக்கு இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்த ஜப்பானியப் பெரியவர் ஒருவரிடம் பெருமையாக எடுத்துப் போனேன். அவர் கேசட்டைத் தொடவே இல்லை. கையேட்டை நடுப்பக்கத்தில் விரித்து, அங்கே இருந்த இரண்டு பின்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் நேற்று அடித்தவை போலப் பளபளத்தன. இந்த ஊரின் மழைக்காலப் புழுக்கத்தை முப்பது முறை கடந்த கம்பியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. "போட்டுப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார். தன் பழைய சிவப்பு வெள்ளை ஃபாமிகாமில் செருகினார். படம் வந்தது, பாத்திரம் நடந்தது, நட்சத்திரத்தை எறிந்தது. ஆனால் பாட்டு பாட்டாக இல்லை. கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் எழுந்து போய்விட, பாடகர் மட்டும் விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டிருப்பதுபோல, நடுநடுவே வெற்றிடம். அந்த மூன்று குரல்களைக் காணவில்லை.

ஃபாமிகாம் கேசட்டில் பொதுவாகத் திருகு கிடையாது. ஓடுகள் உள்கொக்கிகளால் கவ்விக்கொண்டிருக்கும், பிரித்தால் பெரும்பாலும் ஒரு கொக்கியாவது உடையும். அதனால்தான் விற்பவர்கள் யாரும் உள்ளே காட்டுவதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. என் அனுமதியோடு பெரியவர் மெல்லிய தகட்டை விட்டு நெம்பினார். உள்ளே புத்தம்புதிய பச்சைப் பலகை, கையால் பற்றவைத்த தடம், மாற்றி எழுதக்கூடிய நினைவகச் சில்லு. சன்சாஃப்ட் பெயர் போட்ட சில்லு எதுவும் இல்லை. ஓடு மட்டும் வேறு ஏதோ பழைய கேசட்டிலிருந்து எடுத்தது. 98,000 யென்.

இதில் இன்னொரு அவமானமும் உண்டு. தொண்ணூறுகளில் மதுரையில் நாங்கள் விளையாடியது எல்லாமே போலிதான்: ஃபாமிகாமின் நகல் இயந்திரம், அதில் '9999 இன் 1' என்று எழுதிய மஞ்சள் கேசட், உள்ளே திரும்பத் திரும்ப அதே இருபது முப்பது விளையாட்டு. போலியின் எடை, ஓசை எல்லாம் சிறு வயதிலேயே கைக்குப் பழக்கமானவன் நான்.

அன்று இரவே விற்பவருக்கு எழுதினேன். இரண்டு நாள் மௌனம். பிறகு பதில்: தனக்கு விளையாட்டுகளைப் பற்றித் தெரியாது என்று முன்பே சொல்லியிருப்பதாகவும், விளக்கக் குறிப்பின் கடைசி வரியில் 'நோ கிளெய்ம், நோ ரிட்டர்ன்' என்று எழுதியிருப்பதாகவும், என் மனவருத்தத்துக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிப்பதாகவும். மறுபடி எழுதப் போனபோது என்னைத் தடைசெய்திருந்தார். செயலியின் பதில்களை மேலேயே சொல்லிவிட்டேன். பலகையின் படம், ஒலிப்பதிவு, பெரியவரின் குறிப்பு எல்லாம் அனுப்பியும், யாரேனும் ஒரு மனிதர் அதைத் திறந்து பார்த்ததற்கான அடையாளம் இல்லை.

காவல் சாவடியில் இளம் காவலர் ஒருவர் பொறுமையாகக் கேட்டு, கடைசியில், "விளையாட்டு ஓடுகிறது, இல்லையா?" என்றார். ஓடுகிறது என்றேன். அப்படியானால் ஆலோசனைக்கு #9110 எண்ணில் பேசுங்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்துக் குனிந்து வணங்கினார். நுகர்வோர் உதவி எண் 188-இல் பேசிய அம்மையார் அவரைவிடக் கனிவானவர். ஆனால் தங்கள் வேலை வியாபாரிக்கும் நுகர்வோருக்கும் இடையிலான வழக்கைப் பார்ப்பது, இருவரும் தனிமனிதர் என்றால் நடுவில் நிற்பது கடினம் என்றார். தொழிலாகப் பழைய பொருள் விற்பவர் அரசிடம் அனுமதி எண் வாங்கியிருக்க வேண்டும். இவரோ அண்ணன் அறையைச் சுத்தம் செய்பவர். தெரிந்தே மறைத்த குறைக்கு 'நோ கிளெய்ம்' வரி கேடயமாகாது என்று ஜப்பானியக் குடிமையியல் சட்டம் சொல்கிறதுதான். அதைச் சொல்லி வழக்குப் போட எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். எங்கள் இருவருக்கும் பாதுகாப்பு என்று சொல்லி, செயலியின் அஞ்சல் முறை அவை இரண்டையும் மறைத்துவைத்திருக்கிறது. ஒருவர்கூட என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. அத்தனை பேரும் வணங்கி வணங்கியே என்னை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். என் 98,000 யென் மட்டும் எந்த வாசலிலும் திரும்பவில்லை.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். கையில் இருப்பது இவ்வளவுதான். பொருளை இயந்திரத்தில் போட்டு, ஒலியோடு, குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் மதிப்பீட்டை அழுத்தாதீர்கள். பொதி பிரிப்பதைக் காணொளி எடுங்கள். யார் அவசரப்படுத்தினாலும், எவ்வளவு அழகாகப் பூ வரைந்திருந்தாலும் பொறுங்கள். கையேட்டின் பின்களை அருகில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரிய தொகை என்றால், அனுமதி எண் மாட்டிய கடைக்கு நேரில் போய், பத்தாயிரம் யென் கூடுதலானாலும் ரசீதோடு வாங்குங்கள். ஊரிலிருந்து இடைத்தரகர் வழியாக வாங்குவோருக்குத் தனியாக எழுத நினைத்தேன், இப்போது முடியாது.

ஏனென்றால், இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி தன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். என்னைத் தடைசெய்துவிட்டதால் அந்த விற்பவர் என் கணக்கில் தெரிய மாட்டார், அவள் கணக்கில் தெரிகிறார். அதே ஜன்னல் வெளிச்சம், அதே பத்து படங்கள், அண்ணனின் அதே அறை. 'கிம்மிக்!', பெட்டி, கையேட்டுடன், 1,05,000 யென். கீழே யாரோ ஒருவர், மிகுந்த மரியாதையோடு, விலை குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.