அரை இஞ்ச் சாக்கெட் செட்டா, முக்கால் இஞ்ச் சாக்கெட் செட்டா?

கடலூர் துறைமுகத்தில் போட் இன்ஜின் பார்க்கிறவருக்கு அன்றாட வேலைக்கு அரை இஞ்ச் செட்டே போதும் (அரை, முக்கால் என்பது சாக்கெட்டில் கைப்பிடி மாட்டும் சதுரத் துளையின் அளவு). பெரும்பாலும் 32 மி.மீ. வரை சாக்கெட் இருக்கும்; எம்16 (16 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்கு 24 மி.மீ. சாக்கெட், எம்20க்கு 30. இடுக்கிலும் கை நுழையும்.

எம்24 வந்தால் கதை வேறு. 36 மி.மீ. தலை, உப்புக்காத்துல துருவேறிக் கெட்டியாப் பிடிச்சிருக்கும். அரை இஞ்ச் ராட்செட்டில் (ஒரு பக்கம் மட்டும் திருப்பும் பல்சக்கரக் கைப்பிடி) பைப்பைச் சொருகி ஏறி மிதிப்பார்கள். உள்ளே பல் நொறுங்கும். இதற்குத்தான் முக்கால் இஞ்ச், அதுவும் ராட்செட் இல்லாமல், பல்சக்கரமே இல்லாத 'T' வடிவக் கைப்பிடியான டி-ஹேண்டிலோடு. பெட்டி கனம்தான், தோளைக் கேளுங்கள்!

எதுவானாலும் ஆறு முனை சாக்கெட்டாக வாங்குங்கள். பன்னிரண்டு முனை, துருப்பிடித்த தலையைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

சிப்காட் பம்ப், கியர்பாக்ஸ் வேலைக்கு முக்கால் இஞ்ச் முழு செட். மற்றவர்கள் அரை இஞ்ச் செட்டோடு முக்கால் இஞ்சில் ஒரு டி-ஹேண்டில், 36, 41 மி.மீ. சாக்கெட் மட்டும் உதிரியாக வாங்கினால் காசு மிச்சம்.