பேட் மாற்றுவதா, ஸ்பீக்கர் வாங்குவதா? மெல்லிசை மேடைக்கு ஓர் ஒப்பீடு

ஆர்கெஸ்ட்ராவில் பேட் (குச்சியால் தட்டினால் டிரம், டோலக் சத்தம் தரும் மின்னணுப் பெட்டி) வாசிக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு ரோலண்ட் கம்பெனியின் எஸ்பிடி-20 நல்லதா, எஸ்பிடி-30 நல்லதா, கடனை வாங்கியாவது எஸ்பிடி-எஸ்எக்ஸுக்குப் போய்விடலாமா என்பதில்தான் போய் நிற்கும். நானும் பல வருஷம் அப்படிப் பேசினவன்தான். ரோலண்ட் 1985-ல் கொண்டுவந்த முதல் ஆக்டாபேட், அதாவது பேட்-8, அதற்குள் சத்தமே கிடையாது. மிடி (மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் முறை) வயரில் வேறொரு ரிதம் மெஷினோடு இணைத்தால்தான் ஒலிக்கும். இன்றைய பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் சத்தம் இருக்கிறது. ஆனாலும் திருவிழா மேடையில் டோலக் டப்பாவைத் தட்டுவது போலவும், கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் சத்தம்) இருக்கிற இடமே தெரியாமலும் கேட்டால், குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இல்லை. வயர் சொருகும் ஜாக்கிலிருந்து நம் காதுக்கு வரும் வழியில் இருக்கிறது.

நிஜ டிரம்ஸில் சத்தம் பத்தாவிட்டால் ஓங்கி அடிக்கலாம், கேட்கும். பேடில் மிடி கணக்குப்படி 127-தான் உச்சம். அதற்கு மேல் எவ்வளவு ஓங்கினாலும் சத்தம் கூடாது, மணிக்கட்டுதான் வலிக்கும். தன் சத்தம் தனக்குக் கேட்காத பேட்காரர் எல்லா அடியையும் அந்த உச்சத்திலேயே அடிப்பார். மெல்லிய அடி, அழுத்தமான அடி என்ற வித்தியாசமே போய்விடும். முன்வரிசையில் இருப்பவருக்கு அது மெஷின் வாசிப்பது போல இருக்கும். ஆகவே நமக்கு நாமே எப்படிக் கேட்டுக்கொள்கிறோம் என்பதை முதலில் பார்ப்போம்.

சுலபமான வழி, மைக்செட்காரர் தரும் மேடை மானிட்டர், அதாவது மேடையில் இருப்பவர்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர். எதையும் தூக்கிப் போக வேண்டாம். ஆனால் அது பாடகருக்காக வைத்தது. பாட்டு தெளிவாகக் கேட்பதற்காக அதில் அடிச்சத்தத்தை (தாழ்ந்த, கனத்த ஒலியை) வெட்டியிருப்பார்கள், நம் கிக் அங்கேயே செத்துவிடும். தூரம் வேறு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். பாடகருக்கு ஒன்றரை மீட்டரில் இருக்கும் பெட்டி நமக்கு மூன்று மீட்டரில் இருந்தால் அந்த இழப்பு நம் தலையில். “அண்ணே, பேட் கொஞ்சம் ஏத்துங்க” என்றால் பாடகர் திரும்பி முறைப்பார். தெரிந்த சவுண்ட்காரர், தனி மானிட்டர், தனி லைன் என்று அமைந்தால் இந்த வழி போதும். எனக்கு அப்படி அமைவது பத்துக்கு ரெண்டு மேடை.

கையில் இருக்கிறதே என்று கிட்டார் ஆம்ப்பில் (ஸ்பீக்கரோடு சேர்ந்த ஆம்ப்ளிஃபயரில்) சொருகுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்த ஸ்பீக்கர் கிட்டாரின் நடுச்சத்தத்துக்காகச் செய்தது. சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரிந்துவிடும், ஹை-ஹேட் (ஜோடி சிம்பல்) சத்தம் கம்பளிக்குள் போய்விடும். பேஸ் ஆம்ப்பில் கிக் நன்றாக வரும், சிம்பல் வராது. கீபோர்டு ஆம்ப் பரவாயில்லை ரகம்.

நான் கடைசியில் வந்து சேர்ந்த வழி, ஆம்ப் உள்ளேயே இருக்கும் சொந்த ஸ்பீக்கர் ஒன்று. 10 இஞ்ச் எடை குறைவு, பஸ்ஸில் ஏற்றலாம். ஆனால் சத்தம் ஏறினால் 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் கிக்கைத் தாங்காமல் மூச்சு வாங்கும். 15 இஞ்ச் சுகமாக இருக்கும், தூக்குகிறவனுக்குத் தெரியும் சுகம். 12 இஞ்ச்தான் என் சிபாரிசு. பெட்டி மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கில் மயங்க வேண்டாம். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். டிரம் சத்தம் சராசரியில் சின்னது, அடி விழும் கணத்தில் எகிறும். அந்த எகிறலுக்கு இடம் இருக்கிற பெட்டியாகப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை விளக்கு ஒவ்வொரு ஸ்னேர் டிரம் அடிக்கும் மின்னினால் அது பத்தாத பெட்டி.

அதைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் காது உயரத்துக்கு, பின்னால் ஒன்றரை மீட்டரில் நிறுத்துங்கள். பேடிலிருந்து வயர் முதலில் டிஐ பாக்ஸுக்கு (சிக்னலை நீள வயரில் இரைச்சல் சேராமல் அனுப்ப உதவும் சின்னப் பெட்டி) போகட்டும். அங்கிருந்து ஒன்று சவுண்ட்காரரின் மிக்சருக்கு, இன்னொன்று உங்கள் ஸ்பீக்கருக்கு. உங்கள் சத்தத்தை நீங்கள் ஏற்றி இறக்கினாலும் ஜனங்களுக்குப் போவது மாறாது, சவுண்ட்காரரோடு சண்டையும் வராது. ஜெனரேட்டர் மேடையில் ‘உம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் ஸ்விட்சைத் தட்டிப் பாருங்கள், பாதி நாள் அதிலேயே அடங்கும்.

ஜாக்கையும் கவனியுங்கள். ஒரு ஊரில் டாம் டிரம்களை இடமிருந்து வலமாக உருட்டினால் முதல் பாதி காணவே இல்லை. பேட் போச்சு என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தால் யாரோ வலது ஜாக்கில் மட்டும் சொருகியிருக்கிறார்கள். ஒற்றை வயர் என்றால் எல்/மோனோ என்று எழுதியிருக்கும் ஜாக்கில்தான் சொருக வேண்டும், அங்கேதான் இரண்டு பக்கமும் சேர்ந்து வரும்.

இந்த வழியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பலகை மேடையில் சப்-வூஃபரை என் ஸ்டாண்டை ஒட்டி வைத்துவிட்டார்கள். பேஸ் கிட்டார் இழுத்தபோதெல்லாம் என் பேடில் தானாகவே கைத்தட்டல் சத்தம் விழுந்தது. பாடகர் யாரோ ரசிக்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார்! ஸ்டாண்டின் காலுக்கடியில் மடித்த ஜமுக்காளம் போட்டு, பேடில் த்ரெஷோல்டை (எவ்வளவு அதிர்ந்தால் அடியாகக் கணக்கு என்ற அளவை) கொஞ்சம் ஏற்றியதும் நின்றது.

மூன்றாவது, இன்-இயர், அதாவது காதுக்குள் மாட்டும் மானிட்டர். தெளிவில் இதை அடிக்க ஆளில்லை. கிளிக் (காதில் ஒலிக்கும் தாளத் தட்டு) வைத்து, முன்பே பதிவு செய்த ட்ராக்கோடு வாசிக்கும் குழுவுக்கு இதை விட்டால் வழியில்லை. காதுக்கும் நல்லது, சத்தத்தை அளவாக வைத்தால். மெல்லிசை மேடையில் எனக்கு ஒத்துவராத காரணம் வேறு. நிஜ டிரம்ஸ் மேடையில் தானாகவே எல்லோருக்கும் கேட்கும். பேட் ஊமை. நான் மட்டும் காதில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் நிற்கும் பேஸ் கிட்டார்காரருக்குத் தாளம் எங்கிருந்து வரும்? என் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் அவருக்கும் சேர்த்துத்தான். ஒரு காதில் மட்டும் மாட்டுவது இரண்டுங்கெட்டான். வெளிச்சத்தத்தோடு போட்டி போட அந்த ஒரு காதில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவோம்.

இனி பேட் பெட்டிகள். எஸ்பிடி-20 1998-ல் வந்தது. அதன் தபேலா, டோலக் நம் காதுக்குப் பழகிவிட்டது, கூட்டத்தை வெட்டிக்கொண்டும் போகும். 2010-ல் வந்த எஸ்பிடி-30-ல் சத்தத்தை இழைத்து மாற்ற இடம் அதிகம். எஸ்பிடி-எஸ்எக்ஸ் வேறு ஜாதி. வேண்டிய சத்தத்தை நாமே அதற்குள் ஏற்றிக்கொள்ளலாம், 2 ஜிபி இடம், உறுமியோ பறையோ பதிவு செய்து போடலாம். ஆனால் பத்து இடத்திலிருந்து பொறுக்கிய சத்தங்கள் பத்து அளவில் இருக்கும். ஒன்று காதைக் கிழிக்கும், அடுத்தது கேட்காது. சமன் செய்ய ஒரு வாரம் உட்கார மனசிருந்தால் வாங்குங்கள். மெஷ் (வலைத்துணி) போட்ட முழு மின்னணு டிரம் செட் பார்க்க ஜோர். வேனில் இடம் இருக்கிறவர்களுக்கு.

எந்தப் பெட்டியானாலும் ராத்திரி ஹெட்போனில் மெதுவாக வைத்து ‘டோன்’ செய்யாதீர்கள், அதாவது சத்தத்தின் தன்மையைச் சரிசெய்யாதீர்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடிச்சத்தம் குறைவாகத்தான் எட்டும், அதனால் கிக்கை ஏற்றி வைப்போம். மேடையில் அது பூதமாகக் கிளம்பும். ஹெட்போனில் இனிக்கும் ரிவெர்ப் (எதிரொலி) மண்டபத்தில் சேறாகும், அதை முழுக்க அணைத்துவிடுங்கள். ஒத்திகையில் ஸ்பீக்கரில் சத்தமாக வைத்து, 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்து, 3000-4000 பக்கம் கொஞ்சம் ஏற்றினால் அடி முன்னுக்கு வரும்.

கையில் ஒரு தொகைதான் இருக்கிறது, பழைய எஸ்பிடி-20 வேலை செய்கிறது என்றால் 12 இஞ்ச் ஸ்பீக்கரும் டிஐ பாக்ஸும் வாங்குங்கள். எஸ்எக்ஸ் அடுத்த சீசனுக்கு. என் பையில் இப்போது உபரியாக இரண்டு ஜாக் வயர், ஒரு டார்ச், அந்தப் பழைய ஜமுக்காளத் துண்டு.