ஆர் மொழியோடு எட்டு வருஷம்: காப்பி-பேஸ்டிலிருந்து ஃபங்ஷனுக்கு

தரவுப் பகுப்பாய்வுக்கு எட்டு வருஷமாக ஆர் (R) என்ற நிரல்மொழியைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன். முதல் மூன்று வருஷத்தில் எழுதிய ஸ்கிரிப்டுகளில் ஒன்றைக்கூட இன்று முழுதாக ஓட்ட முடியவில்லை. பிறகு எழுதியவை பெரும்பாலும் ஓடுகின்றன.

மாற வைத்தது ஒரே ஒரு பிழை. இரண்டு வருஷ மழையளவை ஒப்பிட ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தேன், அதாவது பெயர் சொல்லி எத்தனை முறையும் அழைக்கக்கூடிய ஒரு நிரல் துண்டு. அதற்குள் கொடுக்கும் தரவின், அதாவது ஆர்க்யூமென்டின், பெயர் 'அட்டவணை'. உள்ளே சராசரி எடுக்கும் வரியில் மட்டும், முதலில் ஏற்றிய தரவின் பெயரான 'மழை' என்றே அடித்துவிட்டேன். ஃபங்ஷனுக்குள் ஒரு பெயர் கிடைக்காவிட்டால், அந்த ஃபங்ஷன் பிறந்த சூழலில் போய்த் தேடுவது ஆரின் இயல்பு. அங்கே 'மழை' இருந்தது. எர்ரர் வரவில்லை. எந்த வருஷத்தைக் கொடுத்தாலும் முதல் வருஷத்தின் சராசரியே வந்தது. அறிக்கையைப் படித்தவர், "ரெண்டு வருஷமும் எப்படிங்க தசமம் வரைக்கும் ஒரே அளவு?" என்று கேட்டபோதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து, ஃபங்ஷனுக்குத் தேவையானது எதுவானாலும் ஆர்க்யூமென்ட் வழியாகவே உள்ளே போகிறது. ஆர் எழுதப் பயன்படும் ஆர்ஸ்டுடியோ மென்பொருளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10 மூன்றையும் சேர்த்து அழுத்தி செஷனைப் புதிதாகத் தொடங்கி, ஸ்கிரிப்டை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை. வெளியேறும்போது நினைவகத்தில் இருக்கும் தரவு, ஃபங்ஷன் முதலிய பழைய ஆப்ஜெக்டுகளைச் சேமிக்கும் வசதியையும் அணைத்துவிட்டேன். ஸ்கிரிப்டின் தலையில் எல்லாவற்றையும் அழிக்கும் வரியைப் போட்டால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. ஆப்ஜெக்டுகள் போகும், ஏற்றிய பேக்கேஜுகள் என்ற ஃபங்ஷன் தொகுப்புகளும் மாற்றிய ஆப்ஷன்களும் அப்படியே இருக்கும்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பில் ஒன்றிலிருந்து நீளம் வரை என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன். தரவை வடிகட்டியபின் ஒரு மதிப்புகூட மிஞ்சாவிட்டால் நீளம் பூஜ்யம். அப்போது அந்த லூப் சும்மா இருக்காது. ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்குப் பின்னோக்கி எண்ணி, 1, 0 என்று இரண்டு முறை ஓடும். இருக்கும் உறுப்புகளை மட்டும் எண்ணும் சீக்-அலாங் போட்டால் ஓடவே ஓடாது. இதேபோல, ஒவ்வொரு உறுப்பின் மேலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் எஸ்-அப்ளை சில நேரம் வெக்டரும் (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) சில நேரம் லிஸ்டும் (பல வகைகள் கலந்திருக்கக்கூடியது) தருவதால், ஃபங்ஷனுக்குள் வி-அப்ளைதான். விடை எந்த வகை என்று முன்கூட்டியே சொல்லவேண்டிய அந்தக் கட்டாயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வெர்ஷன் மாற்றமும் பாடாய்ப்படுத்தியது. 2020-இல் வந்த ஆர் 4.0.0 முதல், கோப்பைப் படிக்கும்போது எழுத்து நெடுவரிசைகள் தானாக ஃபேக்டராக (வகைகளும் அவற்றின் வரிசையும் குறிக்கப்பட்ட தரவாக) மாறுவதில்லை. மாற்றம் நல்லதுதான், ஆனால் பழைய வழக்கத்தை நம்பி எழுதிய என் வரைபடங்கள் சிலவற்றில் வகைகளின் வரிசை குலைந்தது. இப்போது ஃபேக்டர் லெவல்களை, அதாவது வகைகளின் வரிசையை, நானே எழுதிவிடுகிறேன். பேக்கேஜ் வெர்ஷன்களை ஆர்-என்வ் என்ற பேக்கேஜ் பதிந்துவைக்கிறது. ஒரு படியின் விடையை அடுத்த படிக்கு அனுப்பும் பைப் குறியை 2021-இல் 4.1.0 கொண்டுவந்தபின், அதற்கென்று தனிப் பேக்கேஜ் ஏற்றுவதில்லை. பைப் சங்கிலி ஏழெட்டு வரிக்கு மேல் போனால் நடுவில் வெட்டி ஒரு பெயர் கொடுத்துவிடுவேன். பெயர் சூட்ட முடியவில்லை என்றால், அந்த இடத்தில் என்ன நடக்கிறதென்று எனக்கே தெளிவில்லை என்று அர்த்தம்.

அடிக்கடி தேவைப்படும் ஃபங்ஷன்களை ஒரு சின்ன பேக்கேஜாகவே கட்டிவைத்திருக்கிறேன். பேக்கேஜ் என்றால் பெரிய வேலை என்று நாலு வருஷம் தள்ளிப்போட்டேன். உட்கார்ந்தபோது ஒரு மாலையில் முடிந்தது. டெஸ்ட்-தட் என்ற சோதனைப் பேக்கேஜ் கொண்டு அதில் எழுதிய முதல் சோதனை, இரண்டு வெவ்வேறு அட்டவணைகளைக் கொடுத்தால் இரண்டு வெவ்வேறு சராசரி வருகிறதா என்பது.